சும்மா கிடக்கும் எஞ்சின்

செம்பரம்பாக்கத்தைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் கிரெட்டா மின்காரைத் தயாரிக்கும் ஹூண்டாய், தூரநீட்டிப்பு எஞ்சின், அதாவது சக்கரத்தைச் சுழற்றாமல் மின்சாரம் மட்டுமே உற்பத்தி செய்து தரும் பெட்ரோல் எஞ்சின், பொருத்திய கார்களை வட அமெரிக்க, சீனச் சந்தைகளுக்குக் கொண்டுவரப்போவதாக 2024-இல் அறிவித்தது. 2013-இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ ஐ3 காரின் தூரநீட்டிப்பு வகையில், ஸ்கூட்டரிலிருந்து எடுத்தாளப்பட்ட 647 சிசி எஞ்சின், பேட்டரி ஏறக்குறைய 6 விழுக்காட்டுக்கு இறங்கிய பிறகே தானாக இயங்கும் என்பதால், நகருக்குள் ஓடும் வண்டியில் அது பெரும்பாலும் சும்மாவே கிடக்கும். கோளாறுக்கு வித்தும் அந்த ஓய்வுதான். பயன்படாத பெட்ரோல் தொட்டியிலேயே பழையதாகிறது. அதில் கலந்த எத்தனாலோ, நம் ஊரில் அது 20 விழுக்காடு வரை உண்டு, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே எஞ்சின் கிளம்பவில்லை என்றதும் அதைப் பிரித்துப்போடாமல், கணினியில் பதிவான பிழைக்குறியீடு, 12 வோல்ட் துணை பேட்டரியின் மின்னழுத்தம், எரிபொருளின் பழைமை, ஸ்பார்க் பிளக் என்று எளியதிலிருந்து தொடங்குவதே முறையாகும்; ஆரஞ்சு உறையிட்ட உயர் மின்னழுத்தக் கம்பியைப் பயிற்சியற்றவர் தொடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இந்தப் பழுதறியும் முறையை இப்போதே பாடமாக்க வேண்டும்.