ஒரு குவளை தண்ணீருக்கு ஒரு பவுசரா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. மடத்துவெளிப் பெற்றோரும், தீவகத்து ஆசிரியர்களும், முக்கியமாக வெளிநாட்டில் கணினித்துறையில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

வானியல் படிக்க ஆசைப்படும் எங்கள் உயர்தரப் பிள்ளைகளுக்கு இப்போது இணையவழிப் பயிற்சிகள் வருகின்றன. சந்தோசம். அந்தப் பயிற்சிகளில் 'நோட்புக்' என்று ஒன்றைப் பகிர்வார்கள். விளக்கமும் பைதன் கட்டளைகளும் ஒரே பக்கத்தில் இருக்கும். அழுத்தினால் கட்டளை ஓடும், வரைபு கீழே வரும். ஒருவர் எழுதினால் நூறு பேர் படிக்கலாம். நல்ல கருவி.

ஆனால் அவற்றில் பலவற்றின் முதல் வேலையே தரவிறக்கம். எத்தனை எம்பி என்று எங்கும் எழுதியிருக்காது. பிள்ளை நம்பி அழுத்தும். அம்மாவின் போனுக்குப் போட்ட ரீலோட் கரையும். பாடம் இன்னும் தொடங்கியிருக்காது. பிறகு ஒரு கதை வரும்: "தீவுப் பிள்ளைகள் இடையில் விட்டுவிடுகிறார்கள், ஆர்வம் குறைவு."

இந்தக் கதையைத்தான் நாங்கள் மறுக்கிறோம். குறை பிள்ளையில் இல்லை, நோட்புக்கை எழுதிய முறையில் இருக்கிறது.

கணக்கோடு சொல்கிறோம். நாசாவின் டெஸ் விண்கலம் 2018இல் ஏவப்பட்டது. விண்மீன்களின் ஒளி எப்போது மங்குகிறது என்று பார்த்து, அவற்றைச் சுற்றும் கோள்களைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. பயிற்சிக்குப் பொருத்தமான ஒரு விண்மீன் வாஸ்ப்-18. அதன் கோள் ஏறத்தாழ 22.6 மணிக்கு ஒருமுறை விண்மீனுக்கு முன்னால் வரும்போது ஒளி நூற்றுக்கு ஒரு பங்கு குறைகிறது. பிள்ளை செய்யவேண்டியது அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, இரண்டு பள்ளங்களுக்கு இடையிலான நேரத்தை அளப்பது.

இதற்கு என்ன தேவை? நேரம், ஒளியின் அளவு. இரண்டே நிரல்கள். டெஸ் ஒரு பகுதியை ஏறத்தாழ 27 நாட்கள் பார்க்கும். 2 நிமிடத்துக்கு ஓர் அளவீடு என்றால் இருபதாயிரம் நிரைகள் அளவில் வரும். அந்த ஒளிக்கோப்பு ஏறத்தாழ 2 எம்பி. அதை 10 நிமிடத்துக்கு ஒன்றாகச் சராசரி எடுத்து இரண்டு நிரல்களை மட்டும் வைத்தால் நாலாயிரம் நிரைகளுக்குள் அடங்கும். 100 கேபிகூட வராது. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பள்ளம் அப்படியே தெரியும்.

ஆனால் நோட்புக் என்ன செய்கிறது? அதே விண்மீனின் படப்புள்ளிக் கோப்பை இறக்குகிறது. அது 50 எம்பி அளவு. இன்னும் சிலர் முழுப்படங்களையே இறக்கச் சொல்கிறார்கள். ஒரு படம் ஏறத்தாழ 35 எம்பி, அப்படி நூற்றுக்கணக்கில். ஒரு குவளை தண்ணீர் கேட்ட பிள்ளையிடம் பவுசரை இழுத்துக்கொண்டு போ என்பது போல. பவுசருக்காகக் காத்திருந்த ஊர் நாங்கள். இந்த உவமை எங்களுக்கு விளங்கும்.

எழுதியவருக்கு 50 எம்பி ஒன்றுமில்லை. அவரது கணினி பைபர் இணைப்பில் இருக்கிறது. ஆனால் 40 பிள்ளைகள் ஓடவிட்டால் 2 ஜிபி. ஆஸ்ட்ரோபை நூலகத்தின் தரவிறக்கக் கட்டளை, சேமித்து வை என்று சொல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் இறக்கும். பிழை திருத்தித் திருத்தி மூன்று தடவை ஓடவிட்டால் 6 ஜிபி. அவர் சேர்க்காமல் விட்டது ஒரே ஒரு சொல். அதற்கான காசு நாற்பது வீடுகளில் போகிறது.

பதில்களும் எங்களுக்குத் தெரியும்.

"பெரிய பக்கேஜ் போடுங்கள்" என்பார்கள். 2020, 2021இல் பாடசாலைகள் மூடியபோது சிக்னல் தேடி மரத்திலும் மலையிலும் ஏறிய பிள்ளைகளை முழு நாடும் படத்தில் பார்த்தது. சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் பக்கேஜ் எவ்வளவு பெரிதாக இருந்தும் பலனில்லை.

"கூகுள் கொலாப்பில் திறக்கலாமே" என்பார்கள். திறக்கலாம், நாங்களும் அதைத்தான் சொல்கிறோம். அங்கே தரவு கூகுளின் கணினிக்குத்தான் போகும், போனுக்குப் பக்கமும் வரைபும் மட்டும் வரும். ஆனால் இழுத்துப் பெருப்பிக்கும் வரைபுகளை நோட்புக்கோடு சேர்த்துச் சேமித்தால், அதன் புள்ளிகள் எல்லாம் பக்கத்துக்குள் ஏறி, பக்கமே பல எம்பி ஆகிவிடும். இணைப்பு விட்டு விட்டு வந்தால் அமர்வு போய்விடும், இறக்கியதும் அழியும். கொலாப் பாதித் தீர்வுதான்.

"சுருக்கிய தரவு விஞ்ஞானம் அல்ல" என்பார்கள். இதுதான் மிகவும் பலவீனமான வாதம். பெரிய விஞ்ஞானிகளே எல்லாவற்றையும் இணையத்தில் இழுப்பதில்லை. 2019 ஏப்ரல் 10இல் கருந்துளையின் முதல் படத்தை வெளியிட்டார்களே, அதற்கான 5 பெட்டாபைட் அளவு தரவு வன்தட்டுகளில், விமானத்தில்தான் போனது. தென்துருவத்தில் எடுத்த தட்டுகள் அங்கே குளிர்காலம் முடியும்வரை மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. சிலியில் உள்ள ரூபின் தொலைநோக்கி ஓர் இரவில் 20 டெராபைட் அளவு தரும். அதைப் படிப்பவர்கள் தரவைத் தங்கள் கணினிக்கு இழுக்காமல், தரவு இருக்கும் இடத்திலேயே கட்டளையை ஓடவிடும்படிதான் திட்டமிட்டிருக்கிறார்கள். காயா விண்கலத்தின் 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் 180 கோடி விண்மீன்கள். கார்த்திகைக் கூட்டத்தைப் படிக்கும் ஒருவர் அந்தப் பகுதியையும் தேவையான நாலைந்து நிரல்களையும் மட்டும் கேட்டு வாங்கலாம். டெஸ் படங்களில் வேண்டிய சிறு துண்டை வெட்டித் தரும் சேவையும் இலவசமாக இருக்கிறது. ஆக, தேவையானதை மட்டும் எடுப்பதுதான் இன்றைய வானியலின் ஒழுங்கு. அதைப் படிப்பிக்காத நோட்புக் பாதிப் பாடத்தைத்தான் படிப்பிக்கிறது.

ஓடும் ஆற்றங்கரையில் வுழூ செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்பது எங்கள் மார்க்கம் படிப்பித்தது. உங்களிடம் நிறைய இருக்கிறது என்பது வீண்விரயத்துக்கு நியாயம் ஆகாது. அடுத்தவன் வீட்டுத் தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, நோட்புக் எழுதிப் பகிரும் எல்லோரிடமும் எங்கள் கோரிக்கை:

1. முதல் வரியிலேயே எத்தனை எம்பி இறங்கும் என்று எழுதுங்கள்.

2. பாடத்துக்குப் போதுமான சிறிய கோப்பை நோட்புக்கோடு சேர்த்துத் தாருங்கள். முழுத் தரவை விரும்பியவர் இறக்கட்டும்.

3. கோப்பு ஏற்கனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்கும்படி எழுதுங்கள்.

4. பகிர முன்னர் பழைய வரைபுகளை அழித்துவிடுங்கள்.

5. அனுப்ப முன்னர் வை-ஃபையை நிறுத்தி, போன் டேட்டாவில் ஒருதரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருக்கும் எங்கள் ஊர் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. மடிக்கணினி அனுப்புகிறீர்கள், ஸ்மார்ட் போர்ட் அனுப்புகிறீர்கள். அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும். இந்தமுறை பொருள் வேண்டாம். பைதன் தெரிந்தவர்கள் ஒரு சனிக்கிழமையைத் தாருங்கள். ஒரு நோட்புக்கை எடுத்து 50 எம்பியை 100 கேபி ஆக்கி, விளக்கத்தைத் தமிழில் எழுதி அனுப்புங்கள். ஒரு பென்டிரைவில் போட்டால் குறிகட்டுவானில் படகு ஏறி நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போய்ச் சேரும். அதற்கு சிக்னல் தேவையில்லை.

2010 ஜனவரி 15இலும் 2019 டிசம்பர் 26இலும் கங்கண சூரிய கிரகணம் எங்கள் தலைக்கு மேலால்தான் போனது. அதைப் பார்க்க எந்தப் பிள்ளையும் டேட்டா போடவில்லை. அண்ணாந்து பார்க்கும் ஆர்வம் இங்கே தாராளமாக இருக்கிறது. படிப்பிப்பவர்கள் வழியை மறிக்காமல் இருந்தால் போதும்.

உங்கள் பிள்ளை இப்படி ஏதாவது பயிற்சியில் இருந்தால், எத்தனை எம்பி என்று முதலில் கேளுங்கள். கேட்பது வெட்கம் அல்ல. நோட்புக் எழுதுகிற யாரையாவது தெரிந்தால் இதைப் பகிர்ந்துவிடுங்கள்.