எத்தனை விக்கெட் எடுத்தான்?

மேட்ச் முடிந்ததும் ஒரு பவுலரைப் பற்றிக் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். பல சமயம் கடைசிக் கேள்வியும் இதுதான்! மூன்று விக்கெட் எடுத்தால் ஹீரோ. விக்கெட்டே இல்லையென்றால் "அடுத்த மேட்ச்சுக்கு இவனைத் தூக்குங்கப்பா". டெஸ்ட் போட்டியில் இது ஓரளவு சரி. ஒருநாள் போட்டியில் இப்படித் தீர்ப்பு சொல்வது அநியாயம்.

காரணம் எளிமையானது. டெஸ்டில் ஜெயிக்க, பொதுவாக இருபது விக்கெட்டையும் வீழ்த்தியாக வேண்டும். ஒருநாள் போட்டியில் ஒரு விக்கெட் கூட எடுக்காமலே ஜெயிக்கலாம். 50 ஓவருக்குள் எதிரணி இலக்கைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சரி, எண்களுக்கு வருவோம். முக்கியமானவை மூன்று.

சராசரி: ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்கள்.
எகானமி: ஓர் ஓவருக்குக் கொடுத்த ரன்கள்.
ஸ்டிரைக் ரேட்: ஒரு விக்கெட்டுக்குச் செலவான பந்துகள்.

மூன்றுமே குறைவாக இருந்தால்தான் நல்லது. எகானமியை ஸ்டிரைக் ரேட்டால் பெருக்கி 6-ஆல் வகுத்தால் சராசரி வந்துவிடும். அதாவது சராசரி என்பது மற்ற இரண்டும் கலந்த கலவை. கலவையை மட்டும் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

பாகிஸ்தானின் வாசிம் அக்ரமையும் வக்கார் யூனிஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் போட்டிகளில் அக்ரமின் சராசரி 23.52, வக்காரின் சராசரி 23.84. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அக்ரமின் எகானமி 3.89, வக்காருடையது 4.68. வக்கார் சுமார் 30 பந்துக்கு ஒரு விக்கெட் எடுத்தார், அக்ரமுக்கு 36 பந்து தேவைப்பட்டது. பத்து ஓவர் கணக்கில் வக்கார் எட்டு ரன் அதிகம் கொடுப்பார், பதிலுக்கு விக்கெட்டும் கொஞ்சம் அதிகம் எடுப்பார். யார் தேவை என்பதை ஆட்டத்தின் நிலைமைதான் சொல்ல வேண்டும். சராசரி சொல்லாது.

அப்படியென்றால் எகானமியை மட்டும் பார்த்தால் போதுமா? அதுவும் ஏமாற்றும். 2006 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க்கில் ஆஸ்திரேலியா 434 அடித்தது, தென்னாப்பிரிக்கா 438 அடித்து ஜெயித்தது. அதில் ஆஸ்திரேலியாவின் நேதன் பிராக்கன் 10 ஓவரில் 67 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். எகானமி 6.70. தனியாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் அந்த இன்னிங்ஸில் எதிரணி அடித்தது ஓவருக்கு 8.79! அதே அணியின் மிக் லூயிஸ் 10 ஓவரில் 113 ரன் கொடுத்தார். இப்போது பிராக்கன் எப்படித் தெரிகிறார்?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு கம்பெனியின் ஒரே ஒரு விகிதத்தை வைத்துக்கொண்டு அது நன்றாக நடக்கிறதா என்று சொல்ல முடியாது. அதே தொழிலில் இருக்கும் மற்ற கம்பெனிகளோடு ஒப்பிட வேண்டும். பவுலருக்கும் அப்படித்தான். அந்த மேட்ச்சில் மற்றவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள், இவர் வீசியது நடு ஓவர்களா, அடி விழும் கடைசி ஓவர்களா என்று பார்க்க வேண்டும்.

1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியையே பாருங்கள். அமர்நாத்துக்கும் மதன் லாலுக்கும் தலா 3 விக்கெட். கபில் தேவுக்கு ஒன்றுதான். ஆனால் அவர் 11 ஓவரில் கொடுத்தது வெறும் 21 ரன், அதில் 4 மெய்டன். ஒரு முனை அடைபட்டால் பேட்ஸ்மேன் மறுமுனையில்தான் ரன் தேட வேண்டும். அங்கே விழும் விக்கெட் இன்னொருவர் பெயரில் எழுதப்படும். ஸ்கோர்கார்டில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

அதனால் அடுத்த முறை 10 ஓவரில் 32 ரன் கொடுத்து விக்கெட் இல்லாமல் திரும்பும் பவுலரைத் திட்டும் முன், மற்ற நான்கு பேரும் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். மேட்ச்சைக் காப்பாற்றியது அவராகவே இருக்கலாம்!