நிரலை அணைத்த பின் எஞ்சும் தமிழ்

உலாவியின் அமைப்புகளில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுத் தமிழ் வலைத்தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது மொழி ஆய்வாளர் எவருக்கும் பயன்தரும் பயிற்சி. சில தளங்கள் முன்னினும் விரைவாக, முழுமையாகத் திறக்கும். சிலவற்றில் படங்களும் பொத்தான்களும் மட்டும் மறையும். வேறு சிலவற்றில் வெற்றுத் திரையும், ஜாவாஸ்கிரிப்டை இயக்குமாறு கேட்கும் ஓர் ஆங்கில வரியுமே மிஞ்சும். இந்த மூன்றாம் வகைதான் கவலைக்குரியது. செய்தி, கட்டுரை, சிறுகதை, அகராதிப் பதிவு என வாசிப்பதற்காக வெளியிடப்படும் தமிழ் உரை எதுவும் ஒரு நிரலின் தயவை நம்பி நிற்கலாகாது. அதைக் கண்காணிக்க எளிய வழி, மொழியைத் தொழிலாகக் கொண்டோர் நிரல் அணைந்த நிலையையே தங்கள் உலாவியின் இயல்புநிலையாக வைத்துக்கொள்வது.

வலைப்பக்கம் என்பது அடிப்படையில் ஓர் எழுத்துக் கோப்பு. 1991-இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் தளத்தில் நிரல் எதுவும் இல்லை. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் வடித்த மொழிதான் பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் எனப் பெயர் பெற்றது. படிவத்தில் விடுபட்ட கட்டத்தைச் சுட்டிக்காட்டுவது போன்ற சிறு பணிகளே அதற்குத் தொடக்கத்தில் இருந்தன. இன்று பல தளங்களில் இந்த உறவு தலைகீழாகிவிட்டது. வழங்கியிலிருந்து முதலில் வருவது உள்ளீடற்ற கூடு. பெரிய நிரற்கோப்புகள் இறங்கி, வாசகரின் கருவியில் இயங்கிய பிறகே உரை தனியே வரவழைக்கப்பட்டுக் கூட்டுக்குள் வைக்கப்படுகிறது. இடையில் ஒரு கோப்பு தவறினாலும் ஒரு வரிகூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தமிழுக்கு இத்தகைய சார்புநிலை புதிதன்று. ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே, 1991-இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் அதன்பின் பல ஆண்டுகள் தமிழ் நாளிதழ்களும் இதழ்களும் ஆளுக்கோர் எழுத்துருவைக் கொண்டே இணையத்தில் வெளிவந்தன. குறிப்பிட்ட எழுத்துரு கணினியில் இல்லையேல் திரையில் தோன்றியது பொருளற்ற இலத்தீன் எழுத்துக் குவியல். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் குறிமுறைகளைப் பரிந்துரைத்ததும், 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதும் அந்தக் குழப்பத்திலிருந்து வெளியேறும் முயற்சியின் படிகள். உரையை அதன் தோற்றத்திலிருந்து பிரித்தெடுக்க ஒரு தலைமுறைக்காலம் உழைப்பு செலவாயிற்று. நிரல் வழியாக மட்டுமே உரையை வழங்கும் தளங்கள் அந்த உழைப்பின் பயனைச் சத்தமின்றித் திருப்பிக் கொடுத்துவருகின்றன.

எழுத்துருக் குழப்பத்தின் விலை என்ன என்பதை மொழியியல் துறை அறியும். 1969-இல் மைசூரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகமும் இணைந்து எமில் தரவகத்தை உருவாக்கின. தமிழ் உள்ளிட்ட தெற்காசிய மொழிகளின் உரைகளைத் திரட்டியபோது, வெவ்வேறு எழுத்துருக்களில் சிக்கிக்கிடந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவதற்கென்றே தனி மென்பொருள் எழுத வேண்டியிருந்தது. மொழியை ஆராய்வதற்குச் செலவாகியிருக்க வேண்டிய நேரம் பூட்டுகளைத் திறப்பதில் கழிந்தது.

இன்றைய பூட்டு அதனினும் கடினமானது. பெருந்தரவகங்கள் பலவற்றின் ஊற்று காமன் கிரால் என்னும் திறந்த இணையச் சேகரம். அது வலைப்பக்கத்தை வழங்கி அனுப்பிய வடிவிலேயே பெற்றுச் சேமிக்கிறது; பக்கத்திலுள்ள நிரல்களை இயக்கிப் பார்ப்பதில்லை. அதாவது, உலகின் மிகப் பெரிய வாசகர்களுள் ஒன்று நிரலை அணைத்துவிட்டே வாசிக்கிறது. தமிழ் உட்பட 101 மொழிகளைக் கொண்ட எம்சி4 போன்ற தொகுப்புகள் அதிலிருந்து எடுக்கப்பட்டவை. அத்தகைய தொகுப்புகளைக் கொண்டே மொழி மாதிரிகள் பயிற்றப்படுகின்றன. வெற்றுக்கூடாக வரும் பக்கத்தில் எத்தனை அரிய தமிழ் இருந்தாலும் இந்தச் சேகரத்தில் அது வெற்றுக்கூடுதான். இணைய ஆவணகத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. அதன் சேமிப்பில் பழைய எளிய பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கின்றன. நிரலைச் சார்ந்தவை பல நேரங்களில் உடைந்தே கிடைக்கின்றன. நாளைய ஆய்வாளர் இக்காலத் தமிழ் என்று எதைக் காண்பார் என்பது இன்றைய தளங்களின் கட்டுமான முடிவுகளால் வடிகட்டப்படுகிறது. அந்த வடிகட்டல் எந்த மொழியியல் நெறிக்கும் உட்பட்டதன்று. சொல்வளமோ நடையோ வட்டார வழக்கோ அதில் அளவுகோலாக இல்லை.

இழப்பு இயந்திர வாசகரோடு நிற்பதில்லை. கர்நாடகத்தில் மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் வழியில் உள்ள ஹனூரை எடுத்துக்கொள்ளலாம். 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி அடங்கிய கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலச் சீரமைப்பில் மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்து, 1997-இல் புதிய சாமராஜநகர் மாவட்டத்துக்குள் வந்தது. ஆட்சி எல்லை மாறியும் சுற்றுவட்டாரத்தில், குறிப்பாக மார்ட்டள்ளி போன்ற ஊர்களில், தமிழ் இன்றும் வீட்டுமொழியாக வழங்குகிறது. பொதுவாழ்வின் மொழி கன்னடமாக இருக்கும் இத்தகைய எல்லைப்புறத்தில், தமிழ் நூலையோ இதழையோ தேடும் மாணவருக்குக் கையிலிருக்கும் திறன்பேசியே நூலகம்.

காட்டையும் மலையையும் ஒட்டிய ஊர்களில் அலைவரிசை விட்டுவிட்டு வரும்போது இருவகைத் தளங்களின் வேறுபாடு கண்கூடு. எளிய பக்கத்தை உலாவி வரவர வரைந்துகொண்டே போகும். இணைப்பு பாதியில் அறுந்தாலும் வந்தவரை படிக்கலாம். நிரலைச் சார்ந்த பக்கத்தில் பாதி என்ற நிலை அநேகமாக இல்லை. விலைகுறைந்த கருவியில் கோப்பு முழுவதும் இறங்கிய பிறகும் அதை இயக்கி முடிக்கக் காத்திருக்க வேண்டும். தரவுக் கட்டணமோ வெற்றுத் திரைக்கும் சேர்த்தே கழிகிறது.

நிரலை வேண்டுமென்றே அணைப்போர் மிகச் சிலர். அவர்களுக்காகத் தளம் அமைக்க இயலாது என்பது வழக்கமான மறுமொழி. 2013-இல் பிரித்தானிய அரசின் எண்ணிமச் சேவைப் பிரிவு இதை அளந்து பார்த்தது. அரசுத் தளத்துக்கு வந்தோருள் 1.1 விழுக்காட்டினருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வழியான வசதிகள் சென்றுசேரவில்லை. அவர்களுள் நிரலை அணைத்தோரும் நிரல் இயங்காத உலாவியினரும் சேர்ந்து 0.2 விழுக்காடுதான். எஞ்சிய 0.9 விழுக்காட்டினரின் உலாவிகள் நிரலை இயக்க வல்லவை. இருந்தும் ஏதோ ஒரு காரணத்தால் அது இயங்கவில்லை. இணைப்புத் தடங்கல், அலுவலக வலையமைப்பின் தடுப்பு, கோப்பு இறங்காமை என அதற்குக் காரணங்கள் பல இருக்கக்கூடும். ஆகவே நிரலின்றி நிற்போரில் பெரும்பாலோர் அதைத் தேர்ந்தவர்கள் அல்லர். விரும்பி அணைப்பவர், விரும்பாமல் அந்நிலைக்கு ஆளானவர் காணும் பக்கத்தைத் தாமும் காண்கிறார். இந்தப் பழக்கத்தின் ஆய்வுப் பயன் அதுதான்.

பாதுகாப்பும் இதில் அடங்கும். 2018 பிப்ரவரியில், பக்கங்களை உரக்கப் படித்துக்காட்டும் பிரவுஸ்அலவுட் என்னும் துணைநிரலில் யாரோ கைவைத்ததால், அதைப் பயன்படுத்திய 4,000-க்கும் மேற்பட்ட தளங்கள் வாசகர்களின் கணினிகளில் மின்னாணயம் தோண்டும் நிரலை இயக்கின. பிரித்தானியத் தகவல் ஆணையரின் தளமும் அவற்றுள் ஒன்று. தளத்தை நம்பும் வாசகர், அத்தளம் நம்பும் எல்லாரையும் சேர்த்தே நம்ப நேர்கிறது.

எதிர்வாதங்களில் உண்மை உண்டு. நிரல் தமிழுக்குச் செய்த நன்மையும் சிறிதன்று. தட்டச்சு மென்பொருள் நிறுவ இயலாத கணினியிலும் தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழிலேயே எழுத முடிவது உலாவிக்குள் இயங்கும் நிரலால்தான். வங்கிப் பரிமாற்றம், பயணச்சீட்டு, தேர்வு விண்ணப்பம் ஆகியவற்றை நிரலின்றி முடிப்பது பெரும்பாலும் நடவாத காரியம். காலத்தின் போக்கும் எதிர்த்திசையில் உள்ளது. 2013-இல் பயர்பாக்ஸ் தன் அமைப்புப் பக்கத்திலிருந்து ஜாவாஸ்கிரிப்டை அணைக்கும் தெரிவை நீக்கியது. 2025 சனவரி முதல் கூகுள் தேடலும் நிரலின்றி இயங்க மறுக்கிறது. எனினும் இவையெல்லாம் செயல் சார்ந்த தேவைகள். ஒரு கட்டுரையைப் படிப்பதற்கு இவற்றில் எதுவும் வேண்டியதில்லை. எழுதும் பெட்டிக்கு நிரல் துணைநிற்கும் அதே விக்கிப்பீடியாவில், நிரலை அணைத்தாலும் கட்டுரைகள் முழுமையாகத் தெரிகின்றன. இரண்டும் ஒரே தளத்தில் இணங்கி வாழ முடியும் என்பதற்கு அதுவே சான்று. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூற்பக்கங்களும் அவ்வாறே. எளிய உரையாக அமைந்ததால், குறிமுறைகள் மாறியபோது அவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவர முடிந்தது. நிரலை அணைத்த உலாவியிலும் அவை திறக்கின்றன.

நடைமுறை கடினமானதன்று. குரோம் உலாவியின் தள அமைப்புகளில் ஜாவாஸ்கிரிப்டைப் பொதுவாகத் தடுத்து, தேவையான தளங்களுக்கு மட்டும் விலக்களிக்கலாம். பயர்பாக்ஸில் 2005 முதல் வழக்கிலுள்ள நோஸ்கிரிப்ட் நீட்சி இதையே செய்கிறது. முதல் சில நாள்கள் எரிச்சல் தரும். பிறகு வங்கி, அஞ்சல், பல்கலைக்கழக நுழைவாயில் என விலக்குப் பட்டியல் ஓரளவு நிலைபெற்றுவிடும். பட்டியலில் சேர்க்காமலேயே படிக்கக் கிடைக்கும் தளங்கள் எவை என்பதும் அப்போது தெளிவாகும்.

தனிமனிதப் பழக்கத்தோடு இது முடியக் கூடாது. பொதுப்பணத்தில் உருவாகும் அகராதி, மின்னூலகம், ஆய்விதழ் ஆகியவற்றின் ஒப்பந்தங்களில், உரைப்பகுதி நிரலின்றிப் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்க்கத் தமிழ்த்துறைகளும் மொழியியல் துறைகளும் வலியுறுத்தலாம். ஒப்படைக்கப்படும் தளத்தைச் சோதிக்க வல்லுநர் வேண்டியதில்லை. நிரலை அணைத்து ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். ஆய்வாளர்களுக்கும் இதில் கடமை உண்டு. நுட்பமான கட்டுரைகள் பல இன்று சமூக ஊடகச் சுவர்களில் மட்டுமே எழுதப்படுகின்றன. நுழைவுக்கணக்கும் நிரலும் கேட்கும் அச்சுவர்களுக்கு அப்பால் ஓர் எளிய பக்கத்தில் அவற்றின் படி இல்லையேல், ஹனூர் மாணவரின் பழைய திறன்பேசிக்கும் அவை எட்டா. நாளைய தரவகத்துக்கும் எட்டா. எழுதி முடித்ததும் ஒரு படியை அத்தகைய பக்கத்தில் இட்டுவைப்பது சில நிமிட வேலை.