சீல் பிரிக்காத போக்கிமான் பாக்கெட்: உள்ளே இருப்பது அசல்தானா?

மதுரையில் பள்ளிக்கூடங்களை ஒட்டிய ஸ்டேஷனரி கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஷாம்பு சாஷே சரத்துக்குப் பக்கத்திலேயே மினுமினுக்கும் போக்கிமான் பாக்கெட்டுகள் தொங்கும். விலை பத்து, இருபது ரூபாய். பிரித்தால் எல்லா கார்டும் தங்க நிறத்தில் ஜொலிக்கும். பையனுக்குச் சந்தோஷம். அதை அசல் என்று நம்பி யாரும் வாங்குவதில்லை, கடைக்காரரும் அப்படிச் சொல்லி விற்பதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

பிரச்சினை, அந்தப் பையன் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு வருகிறது. சின்ன வயதில் டிவியில் பார்த்த பிகாச்சுவை இப்போது சம்பளப் பணத்தில் சேகரிக்கிறார்கள். மதுரை, மேலூர், திருமங்கலம் என்று எங்கே இருந்தாலும் இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் குரூப்பிலோ ஆர்டர் போட்டால் கூரியரில் வந்துவிடுகிறது. அப்படித்தான் எனக்குத் தெரிந்த ஒருவர், ஐடி வேலையில் இருப்பவர், பழைய 'எவல்யூஷன்ஸ்' பாக்கெட் இரண்டு வாங்கினார். "அண்ணே, சீல் பக்காவா இருக்குண்ணே" என்று போட்டோ அனுப்பினார். போட்டோவில் எனக்கும் பக்காவாகத்தான் தெரிந்தது.

ஆசை தாங்காமல் ஒன்றைப் பிரித்தார். 'எவல்யூஷன்ஸ்' 2016-ல் வந்த தொகுப்பு. அதன் கார்டுகளின் அடியில் 35/108, 11/108 என்பதுபோல் எண் இருக்கும். அவருக்குக் கிடைத்தவற்றில் பாதியில் 198 என்று இருந்தது. அது 2023-ல் வந்த 'ஸ்கார்லெட் அண்ட் வயலட்' தொகுப்பின் எண். 2016-ல் மூடிய உறைக்குள் 2023-ல் அச்சான கார்டு எப்படி வரும்?

கவனித்துப் பார்த்தால் வேடிக்கை. உறை அசல். கார்டுகளும் அசல்தான். இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைத்தது மட்டும்தான் பொய். யாரோ உறையைப் பதமாகப் பிரித்து, நல்ல கார்டுகளை எடுத்துக்கொண்டு, மதிப்பில்லாதவற்றை உள்ளே தள்ளி, திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் இதை 'ரீசீல்' என்கிறார்கள். முழுப் போலியைவிட இது ஆபத்தானது. ஏனென்றால் போலியைக் கண்டுபிடிக்க நாம் கற்றுக்கொண்ட அடையாளங்கள் எல்லாம் இதில் சரியாகவே இருக்கும்.

பெரிய ஆட்களும் ஏமாந்த கதை

2021 டிசம்பரில் அமெரிக்க யூடியூபர் லோகன் பால், 1999-ன் முதல் பதிப்பு போக்கிமான் பாக்கெட்டுகள் அடங்கிய சீல் பிரிக்காத ஒரு பெரிய அட்டைப்பெட்டியை 35 லட்சம் டாலருக்கு வாங்கியதாக அறிவித்தார். அன்றைய மதிப்பில் சுமார் 26 கோடி ரூபாய். உள்ளே 6 பெட்டிகள், பெட்டிக்கு 36 பாக்கெட் என்பது கணக்கு. அசல் என்று ஒரு சரிபார்ப்பு நிறுவனமும் சான்று கொடுத்திருந்தது. ஆனால் ரசிகர்கள் சிலர் வெளியட்டையின் லேபிளைப் பார்த்தே சந்தேகம் கிளப்பினார்கள். 2022 ஜனவரியில், அதே நிறுவனத்தின் ஆட்கள் முன்னிலையில் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ கார்டுகள். அவருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. நமக்கு ஜிபேயில் போன நாலாயிரம் ரூபாய் அப்படித் திரும்புமா?

சீல் பிரிக்காத பாக்கெட்டின் சிக்கலே இதுதான். பிரிக்காமல் இருப்பதால்தான் அதற்கு அந்த விலை. உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பிரிக்க வேண்டும். பிரித்தால் விலை போய்விடும். மதுரைக்காரர் சுங்குடிச் சேலை வாங்கும்போது துணியைப் புரட்டிப் பார்ப்பார். கட்டிச் சாயமேற்றியதா, வெறும் அச்சா என்பதைப் பின்பக்கம் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். இங்கே புரட்டிப் பார்க்கப் பின்பக்கமே கிடையாது.

உறை எவ்வளவு சொல்லும்?

கொஞ்சம் சொல்லும். சிப்ஸ் பாக்கெட் மாதிரி மேலும் கீழும் சூடு வைத்து அழுத்திய வரிவரியான பட்டை இருக்கும். வரிகள் ஒரே ஆழத்தில், இடைவெளி மாறாமல் ஓட வேண்டும். ஓரிடத்தில் வரி தட்டையாகி இருந்தால், சாய்த்துப் பிடிக்கும்போது பசை பளபளப்பு தெரிந்தால், உறை அந்த இடத்தில் மட்டும் வெளுத்துச் சுருங்கியிருந்தால் வாங்காதீர்கள். முதுகில் நீளவாக்கில் ஓடும் ஒட்டையும் பாருங்கள். திறப்பவர்கள் கீழ்ப்பட்டையையோ இந்த முதுகு ஒட்டையோதான் தேர்ந்தெடுப்பார்கள். முன்பக்கப் படத்தை மட்டும் அனுப்பும் விற்பனையாளரிடம் பின்பக்கம், கீழ்விளிம்பு இரண்டையும் வெளிச்சத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "நம்பிக்கை இருந்தா வாங்குங்க ப்ரோ" என்று பதில் வந்தால், வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

முழுப் போலி என்றால் இன்னும் சுலபம். ஆங்கிலத்தில் போக்கிமான் பெயரில் 'இ' எழுத்தின் மேல் ஒரு சின்னச் சாய்கோடு இருக்கும். போலிகளில் அது பல நேரம் காணாமல் போகும். ஒவ்வொரு தொகுப்புக்கும் குறிப்பிட்ட சில உறைப் படங்கள்தான் உண்டு. அதே பாக்கெட்டின் படத்தை இணையத்தில் தேடி எழுத்துரு, நிறம், லோகோ இடம் மூன்றையும் ஒப்பிட்டால் போதும். பாக்கெட் முழுக்கத் தங்க நிற பிளாஸ்டிக் கார்டுகளாக அந்த நிறுவனம் எதையும் வெளியிட்டதில்லை. 2021-ல் 25-வது ஆண்டுக்காக வந்த விலையுயர்ந்த ஒரு பெட்டியில்கூட இரண்டே இரண்டு உலோகக் கார்டுகள்தான் வைத்தார்கள்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. ஜப்பானிய பாக்கெட்டில் பெரும்பாலும் 5 கார்டுதான் இருக்கும், ஆங்கிலத்தில் 10. கொரிய, சீனப் பதிப்புகளும் அதிகாரபூர்வமாகவே வருகின்றன. புரியாத எழுத்து இருக்கிறதே என்று அவற்றைப் போலி என்று ஒதுக்க வேண்டாம். ஆனால் கொரியப் பதிப்பை ஜப்பானியது என்று சொல்லி அந்த விலைக்கு விற்பது தனிக் கதை.

எடை? 1999 முதல் 2003 வரையிலான பழைய பாக்கெட்டுகளில் மினுக்கும் கார்டு இருந்தால் எடை துளி கூடும். நகை நிறுக்கும் மின்தராசு வைத்துப் பிரித்து, கனமானதைத் தான் வைத்துக்கொண்டு லேசானதை மட்டும் விற்பவர்கள் உண்டு. அந்தப் பாக்கெட் அசல், சீலும் அசல். ஆனால் அதில் அதிர்ஷ்டம் மட்டும் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. பழைய பாக்கெட் வாங்கினால், எடை போட்டீர்களா என்று நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே இடத்தில் நிறைய பாக்கெட் வாங்குவதாக இருந்தால் ஒன்றைப் பலி கொடுக்கலாம். பிரித்து, முதலில் எண்ணையும் அடியில் உள்ள ஆண்டையும் பாருங்கள். என் நண்பரைக் காட்டிக்கொடுத்தது அதுதான். பிறகு செல்போன் டார்ச்சைக் கார்டுக்குப் பின்னால் பிடியுங்கள். அசல் ஆங்கிலக் கார்டின் நடுவே மெல்லிய கறுப்பு அடுக்கு இருப்பதால் வெளிச்சம் அவ்வளவாக ஊடுருவாது. மலிவான போலியில் பளிச்சென்று தெரியும். தெற்கு ஆவணி மூல வீதியில் நகைத் தொழிலாளர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அந்த லூப் கிடைத்தால் இன்னும் நல்லது. அசலில் கறுப்பு எழுத்து தனியாக, விளிம்பு கூர்மையாக அச்சாகியிருக்கும். ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தே வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும்.

ஆளைப் பாருங்கள், பில்லைப் பாருங்கள்

இவ்வளவு சொன்னாலும், நல்ல ரீசீலைப் போட்டோவில் கண்டுபிடிப்பேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அதனால் உறையைவிட அது வந்த வழியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 2011-ன் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, இறக்குமதி செய்து கடையில் விற்கும் பாக்கெட்டில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, எந்த நாட்டுப் பொருள், குறைதீர் தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். பெட்டியில் அந்த ஸ்டிக்கரைத் தேடுங்கள். சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கி வந்ததில் அது இருக்காது என்பது உண்மை. ஆனால் புதுச் சரக்கை மொத்தமாக விற்கும் எல்லோருக்குமே ஒரு சிங்கப்பூர் மாமா இருக்க முடியாது.

பில் கேளுங்கள். கூரியர் கவரை வெட்டுவதிலிருந்து வீடியோ எடுங்கள். ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

ஆன்லைன் தளங்களையும் சும்மா விட முடியாது. ஒரு நிறுவனத்தின் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றால், வணிகக் குறிச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. போலி என்று நீக்கப்பட்ட பொருளைத் திரும்பத் திரும்பப் பட்டியலிடும் விற்பனையாளர்களின் விவரத்தைத் தளங்கள் பதிவு செய்து வைக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தப் பதிவு இருந்தால் வாங்குபவர் கண்ணில் படும்படி ஏன் வைக்கக் கூடாது?

நண்பர் கதைக்கு வருகிறேன். விற்றவர் அவரை பிளாக் செய்துவிட்டார். இரண்டாவது பாக்கெட் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. அதே குரூப்பில் ஒருவர், வாங்கிய விலைக்கே எடுத்துக்கொள்வதாகக் கேட்டார். தள்ளிவிட்டிருந்தால் பாதிப் பணமாவது தேறியிருக்கும். "எனக்குச் செஞ்சத நான் இன்னொருத்தனுக்குச் செய்யவாண்ணே?" என்றார். பாக்கெட்டின் மேல் மார்க்கர் பேனாவால் 'சீல் சந்தேகம்' என்று எழுதி, மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னும் பார்க்கவில்லை.