தங்கவயல் வீடுகளில் நான்கு மொழிகள். படிவத்தில் இடம் மூன்றுக்கே

புது தில்லி: 2027 மார்ச் 1-ஆம் தேதியை ஆதார நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கையை மத்திய அரசு 2025 ஜூன் 16-இல் வெளியிட்டது. அதிலிருந்து தலைநகரில் பேச்செல்லாம் சாதிவாரிக் கணக்கைப் பற்றியே. கணக்கெடுப்பில் வழக்கமாகக் கேட்கப்படும் தாய்மொழி குறித்த கேள்வியை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால், கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்கு அந்த ஒரு கேள்வி மிக முக்கியமானது.

தங்கவயலின் சுரங்கப் பகுதிகளுள் ஒன்று நந்திதுர்க். பெயரைத் தந்த நந்தி மலை இருப்பதோ இன்றைய சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இவ்வயலில் காலூன்றியதும், சுரங்கத்துக்குள் இறங்க ஆட்கள் தேவைப்பட்டனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்தவர்களில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். நிறுவனம் கட்டிக்கொடுத்த 'லைன்' வீடுகளில் தமிழ் குடியேறியது இப்படித்தான். சுற்றுக் கிராமங்களில் தெலுங்கும் கன்னடமும், நகரத்தில் உருதும், மேலாளர்களின் பங்களாக்களில் ஆங்கிலமும் வழங்கின.

இங்கே தமிழ் வெறும் வீட்டுப் பேச்சாக நின்றுவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் உறுதியான வாசகர் கூட்டம் இருந்தது. அவரது மறைவுக்குப் பின் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அவ்விதழ் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சாம்பியன் ரீப்பில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை தமிழில் பௌத்த நூல்களை அச்சிட்டு வழங்கியது. நாளெல்லாம் பாறை உடைத்தவர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்த தமிழ் அது. தமிழகத்து இலக்கிய வரலாற்று நூல்கள் இதற்குப் போதிய இடம் தரவில்லை என்பது வேறு கதை.

அரசியலிலும் இம்மொழி எடை பெற்றிருந்தது. 1989, 1999 சட்டப்பேரவைத் தேர்தல்களில் கர்நாடக மண்ணில் அ.தி.மு.க. வேட்பாளர் எம். பக்தவச்சலம் இங்கு வெற்றி பெற்றார். 2004-இல் இந்தியக் குடியரசுக் கட்சியின் எஸ். ராஜேந்திரன் வென்றார். அதன் பிறகு 2008, 2013-இல் பா.ஜ.க.வும் 2018, 2023-இல் காங்கிரசும் தொகுதியைக் கைப்பற்றின. தமிழர்களின் வாக்கு மாறவில்லை என்று கூற முடியாது. அவ்வாக்கு மொழியின் பெயரால் திரட்டப்படும் காலம் போய்விட்டது என்பதே சரி.

காரணம் பொருளாதாரத்தில் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-உடன் மூடப்பட்டது. அன்று முதல் இவ்வூரின் பிழைப்பு மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் செல்லும் ரயிலில் ஏறிவிட்டது. சுரங்கத்தில் தமிழே போதுமானதாக இருந்தது. பெங்களூரில் அது போதாது. கன்னடமும் ஆங்கிலமும் தெரிந்தால்தான் வேலை என்றானபின், பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதில் குறை காண இடமில்லை.

சட்டமும் அவர்களுக்கு வழி விட்டிருக்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி கிடைக்க அரசு வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவு. ஒரு வகுப்பில் 10 பேரோ, பள்ளியில் 40 பேரோ இருந்தால் அம்மொழியில் கற்பிக்க ஏற்பாடு வேண்டும் என்பது 1949-இல் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்ட கணக்கு. ஆனால், கர்நாடக அரசின் பயிற்று மொழி ஆணை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2014 மே 6-இல் தீர்ப்பளித்தபோது, தாய்மொழியில்தான் படிக்க வேண்டும் என அரசு கட்டாயப்படுத்த இயலாது என்றது. குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வர் என்றும் கூறியது. பத்துப் பேர் சேர்ந்தால் வகுப்பு என்னும் உரிமை ஏட்டில் அப்படியே இருக்கிறது. பத்துப் பேர் சேர்வதுதான் கடினமாகிவிட்டது.

கன்னடத்தின் மீது பழி போடுவோர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. 1982-இல் கோகாக் அறிக்கைக்கு ஆதரவாகக் கிளர்ச்சி நடந்தபோது மூண்ட கசப்பு உண்மையானது. ஆயினும் இன்று தங்கவயல் பிள்ளையின் கையிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்திருப்பது ஆங்கிலமே.

பள்ளி கைவிட்ட நிலையில் எஞ்சுவது எண்ணிக்கை. ஒரு வட்டத்திலோ நகராட்சியிலோ 15 சதவீதத்துக்குக் குறையாதோர் பேசும் சிறுபான்மை மொழியில் முக்கிய அரசு அறிவிக்கைகளும் விதிகளும் வெளியிடப்பட வேண்டும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட பாதுகாப்பு. கர்நாடகம் முழுவதற்கும் பார்த்தால் 2011-இல் தமிழர் 3.45 சதவீதம், அதாவது சுமார் 21 லட்சம் பேர். இந்த அளவுகோலில் அது ஒன்றுமில்லை. ஆனால், 2011-க்குப் பின் தங்கவயல் பங்காருப்பேட்டையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி வட்டமாகியுள்ளது. கிராமப்புறத் தெலுங்கு, கன்னட மக்களோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டு வந்த தமிழரின் விகிதம், முதன்முறையாகத் தனித்து வெளிப்பட வாய்ப்பு இருக்கிறது.

இங்குதான் கேள்வியின் அமைப்பு குறுக்கிடுகிறது. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கணக்கெடுப்பாளர் கேட்பதில்லை. சிறு வயதில் தாய் தம்மிடம் பேசிய மொழியே தாய்மொழி என்பது 2011 கணக்கெடுப்பின் வரையறை. ஆகவே, வீட்டில் பேச்சு மாறிவிட்டாலும் எண்ணிக்கை ஒரு தலைமுறைக்கு அசையாமல் நிற்கும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரும் தமிழராகவே பதிவாவார். அறிவிக்கை தமிழில் வந்தாலும் அவரால் வாசிக்க இயலாது!

தாய்மொழிக்கு அப்பால் அறிந்த மொழிகளாக இரண்டை மட்டுமே பதிந்துகொண்டது அப்படிவம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, அலுவலகத்தில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வாழும் ஒருவருக்கு ஏதேனும் ஒன்று விடுபட்டே தீரும். பெரும்பாலும் விடுபடுவது தெலுங்காகத்தான் இருக்கும். அதற்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

2011-இல் நாடெங்கும் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றைத் தொகுத்து 121 மொழிகளாக்கி அட்டவணை வெளிவந்தபோது ஆண்டு 2018. மொழிச் சிறுபான்மையினருக்கான ஆணையர் இந்தப் புள்ளிவிவரங்களை நம்பியே இயங்க வேண்டியவர். 350-பி பிரிவின்படி அவரது அறிக்கைகள் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். அவை விவாதப் பொருளாவது அரிது. புதிய வட்டத்தின் மொழிவாரி எண்ணிக்கையை உடனே தனியே வெளியிடுமாறு கேட்க, அமைச்சகத்துக்கு ஒரு நட்சத்திரக் குறியிட்ட வினா போதும். தங்கவயலை உள்ளடக்கிய கோலார் தொகுதி உறுப்பினருக்கும், தமிழக உறுப்பினர்களுக்கும் அந்த வாய்ப்பு ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் இருக்கிறது.