மெதுவாக நடக்கும் எஜமான்கள்

பழைய படங்களின் ஸ்லோமோஷன் காட்சிகளை ரசிகர்கள் தங்கள் எடிட்டுகளில் மாற்றலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் தோழர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். இயக்குநரின் படைப்பில் கைவைக்காதே என்பது ஒரு தரப்பு. 'சின்ன கவுண்டர்' (1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994) வகைப் படங்களின் மெதுநடையைச் சாதாரண வேகத்துக்கு ஓட்டிவிட்டால் சாதிப் பெருமிதத்தின் காற்று இறங்கிவிடும் என்பது மற்றொன்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

முதல் தரப்புக்குப் பதில் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1946இல் வந்த புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' கதையின் நாயகனையே மாற்றிப் போட்டது. 1948இல் அரசு அதைத் தடை செய்தது. தடை நீங்க 1971 ஆனது. அந்த நூலைக் கொண்டாடிவிட்டு, சினிமா என்றதும் மூலம் புனிதம் என்று நாம் பேச முடியாது. யாரும் எதையும் வெட்டலாம், ஒட்டலாம். ஆனால் வெட்டி ஒட்டியவர் என்ன செய்தார் என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

2023இல் 'மாமன்னன்' ஓடிடிக்கு வந்ததும் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஃபகத் ஃபாசில் நடித்த ரத்தினவேலு சாதி ஆணவத்தின் உருவம். பந்தயத்தில் தோற்ற தன் நாயையே அடித்துக் கொல்கிறவன். அந்த வில்லனின் காட்சிகளை மட்டும் பொறுக்கி, சாதிப் பெருமைப் பாடல்களைப் பின்னணியில் ஏற்றி, அவனை நாயகனாக்கிப் பரப்பினார்கள். நான் பார்த்த எடிட்டுகளில் நடையும் பார்வையும் மீசையும் மெதுவாக வந்தன, நாய் வரவில்லை. கேட்டால் "நடிப்பைத்தான் ரசிக்கிறோம்" என்றார்கள். நடிப்பை ரசிக்கச் சாதிப் பாட்டு எதற்கு? மாரி செல்வராஜ் வில்லனை இவ்வளவு கம்பீரமாகக் காட்டியிருக்கக் கூடாது என்று சொன்னவர்களும் உண்டு. நிஜத்தில் ஆதிக்கம் அழுக்குச் சட்டையோடா வருகிறது?

இதில் ஒரு தொழில்நுட்பச் சங்கதி உண்டு. சினிமா வழக்கமாக நொடிக்கு 24 பிரேம்களில் ஓடுகிறது. ஒளிப்பதிவாளர் ஒரு நடையை நொடிக்கு 48 பிரேம்களில் எடுத்தால் திரையில் அது இரண்டு மடங்கு நேரம் ஓடும். அந்த மெதுநடையில் உள்ள ஒவ்வொரு பிரேமும் கேமரா பார்த்தது. வழக்கமான வேகத்தில் எடுத்த காட்சியைக் கைப்பேசிச் செயலியில் மெதுவாக்கும்போது அப்படியில்லை. செயலி ஒன்று, ஒரே பிரேமைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. இல்லையென்றால் இரண்டு பிரேம்களுக்கு நடுவே என்ன இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் புதிதாக வரைகிறது. அப்படி வரைந்ததை நடிகர் நடிக்கவில்லை, கேமராவும் எடுக்கவில்லை. இல்லாத பெருமையை இட்டு நிரப்ப இதைவிடப் பொருத்தமான கருவி கிடைக்காது!

இனி இரண்டாவது தரப்பு. மெதுநடை பண்ணையார்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த நிலமல்ல. 'கபாலி'யில் (2016) பா. இரஞ்சித் அதே நாயக நடையைக் கோட்டும் சூட்டும் போட்ட ஒருவருக்குக் கொடுத்தார். கோட்டு ஏன் என்பதற்கு அம்பேத்கரைக் காரணமாகச் சொல்லவும் வைத்தார். எனவே வேகத்தைத் திருத்துவது அரசியலைத் திருத்துவதாகாது. தவிர, பழைய படங்களை இப்படிச் சுத்தப்படுத்தினால் நட்டம் நமக்குத்தான். ஒரு தலைமுறையே யாருடைய நடைக்காகக் காத்திருக்கப் பழக்கப்பட்டது என்பதற்கு அந்தக் காட்சிகள்தான் சாட்சி. ஆய்வுக்காக இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் எனக்கு, சாதாரண வேகத்துக்கு மாற்றிய 'எஜமான்' எதற்கும் பயன்படாது.

நான் பார்க்க விரும்பும் எடிட் வேறு. வேகத்தை அப்படியே விட்டுவிட்டு, சட்டகத்தை மட்டும் நகர்த்துங்கள். பண்ணையாரின் நடை மெதுவாகும்போது, அவர் வரும் வழியில் தோளிலிருந்த துண்டை இடுப்புக்கு இறக்கிக் கைகட்டி நிற்பவரும் அதே அளவு மெதுவாகிறார். நம் கண் அவரிடம் போகாதபடி இசையும் வெளிச்சமும் பார்த்துக்கொள்கின்றன. பாட்டை நிறுத்துங்கள். அந்த ஓரத்தை விரலால் பெரிதாக்கி நடுவே வையுங்கள். பண்ணையார் கடந்து போகும்வரை அந்த முதுகு எவ்வளவு நேரம் வளைந்திருக்கிறது என்று நொடிக்கணக்கில் தெரியும்.