ஆலோசனைக்குக் காத்திருக்கும் நாட்கள்

உள்ளம் நொந்த மாணவரையோ கிராமவாசியையோ மனநல ஆலோசகரிடம் அனுப்பியதும் நம் கடமை தீர்ந்தது என்று ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் எண்ணுவது இயல்பே. பதிவேட்டில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று எழுதியதும் அவ்வரி நிறைவெய்தி விடுகிறது. ஆலோசகரைக் காணும் நாளோ பல இடங்களில் வாரக்கணக்கில் தள்ளி நிற்கிறது. அந்த இடைக்காலம் எவருடைய பொறுப்பிலும் இல்லாதிருப்பது தகாது என்பதே நம் கருத்து.

ஆலோசகர்கள் போதாமை யாவரும் அறிந்ததே. 2015-16ஆம் ஆண்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையின்றி இருந்ததைக் காட்டிற்று. இக்குறை விரைவில் தீரும் என நம்புவதற்கில்லை.

மனச்சோர்வின் போக்கை அறிந்தவர்க்குக் காத்திருப்பின் அபாயம் விளங்கும். சோர்வுற்றவர் வேலையையும் கூட்டத்தையும் விட்டு ஒதுங்குகிறார். ஒதுங்க ஒதுங்க மனத்திற்கு நிறைவளிப்பவை குறைகின்றன. அதனால் சோர்வு மேலும் மிகுகிறது. 'சும்மா படுத்து ஓய்வெடு' என்று வீட்டார் அன்புடன் கூறுவதே சில வேளைகளில் கேடாகிறது. மனம் தெளிந்த பின் செய்வோம் என்றிராமல், சிறு செயல்களை நாளும் நேரமும் குறித்துச் செய்து வந்தால் மனம் மெல்லத் தெளியக் காணலாம். குறித்த நேரத்தில் எழுதல், கடைவரை நடத்தல், ஒரு நண்பரைக் காணல் ஆகியவை போதும். மதுவைத் தவிர்த்தல் நலம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவரல்லாத ஊழியர்கள் பயிற்சி பெற்று, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இம்முறையைக் கையாண்டு நற்பயன் கண்டமை 2017இல் வெளியான ஆய்வால் புலனாயிற்று. பயிற்சியற்ற நாம் ஆலோசகராக வேண்டா. வாரம் ஒருமுறை சென்று, உறங்கினாரா, என்ன செய்தார் என்று கேட்கலாமன்றோ?

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று கூற வேண்டும். 'கவுன்சலிங்' என்பதை 'அறிவுரை' என்று தமிழாக்கியோர் தீங்கே செய்தனர். 'தைரியமாக இரு' என்று சொல்வதே அப்பணி எனப் பலர் கருதலாயினர். 'ஆற்றுப்படுத்துதல்' என்ற சொல் தக்கது. பழைய ஆற்றுப்படை நூல்களில் பரிசில் பெற்றவன் பிறனுக்கு வழி காட்டுவானேயன்றிப் புத்தி புகட்டுவதில்லை.

எல்லோரையும் காத்திருக்க வைத்தலும் கூடாது. வாழ்வில் பற்றற்றுப் பேசுபவரிடம், சாகும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படும் என்பது தவறான அச்சம். உண்டெனில் அவரைத் தனியே விடாது, பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அவருக்கு எட்டாதவாறு பூட்டி வைத்து, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

பதிவேட்டில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்பதன் அருகே 'மறுபடி கண்ட நாள்' என ஒரு கட்டம் சேர்த்தல் வேண்டும். ஆலோசனை நாளன்று செல்லாதவர் ஏன் செல்லவில்லை என்பதையும் அங்கே குறிக்கலாம். பேருந்துக் கட்டணம் இல்லாமையோ ஒரு நாள் கூலியை இழக்க இயலாமையோ காரணமாயிருப்பின், அதனை மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேறு வழி இப்போது இல்லை.